சாராயக் குத்தகையிலிருந்து ஐஸ் வரை: போதைக்கு வரி போடுவதா, போகட்டும் என்று விடுவதா?



கொஞ்சம் நீளமான பதிவு. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

தரம் 11 வரலாற்றில் தேசிய மறுமலர்ச்சி என்ற பாடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதில் மதுவொழிப்பு இயக்கம் பற்றி ஒரு பகுதி வரும். போன கிழமை அதைப் படிப்பித்துக்கொண்டிருந்தோம். வெள்ளைக்காரன் ஊருக்கு ஊர் தவறணை திறந்தான், நம் நாட்டுத் தலைவர்கள் எதிர்த்தார்கள் என்று சொல்லி முடிக்கவில்லை, பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினார்.

"சேர், அப்ப வெள்ளைக்காரன் குடுத்தது பிழை எண்டா, இப்ப நம்மட அரசாங்கமும் பாருக்கு லைசன் குடுக்குதுதானே?"

பதில் சொல்ல வாய் திறக்கும் முன் அடுத்தவர்: "லைசன் குடுத்தா வரி வருதுடா. கஞ்சாவையும் அப்பிடி ஆக்கினா ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்கலாம்."

மூன்றாமவர்: "அவனவன் அவனவன்ட காசில எதையும் செய்யட்டும் சேர். அரசாங்கத்துக்கு என்ன வேல?"

பெரிய பெரிய அறிஞர்கள் சண்டை பிடித்த கேள்வியை மூன்று பிள்ளைகள் மூன்று நிமிடத்தில் வகுப்புக்குள் கொண்டுவந்து விட்டார்கள். மணி அடித்ததால் அன்று நாம் தப்பினோம். அவர்களுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடி வாசித்ததைத்தான் இங்கே எழுதுகிறோம். ஏனென்றால் இது பிள்ளைகளின் கேள்வி மட்டும் அல்ல. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் அக்கரைப்பற்றிலும் தேநீர்க் கடைகளில் பெரியவர்கள் பேசுவதும் இதைத்தான்.

*குத்தகைக்காரர் காலம்*

இலங்கையில் போதைக்கு வரி போடுவது புதுக் கதை அல்ல. ஒல்லாந்தர் காலத்திலேயே சாராயம் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. ஆங்கிலேயர் அந்த முறையை அப்படியே எடுத்து விரிவாக்கினார்கள். ஒரு பிரதேசத்தில் சாராயம் விற்கும் ஏகபோக உரிமை ஏலத்தில் விடப்படும். கூடக் கேட்டவருக்கு உரிமை. அவர் அதைத் துண்டு துண்டாக்கிக் கீழ்க் குத்தகைக்குக் கொடுப்பார். அப்படித்தான் ஊர்களில் தவறணைகள் முளைத்தன.

அரசாங்கத்துக்கு இது மிகவும் வசதி. கணக்கு எழுதவோ உத்தியோகத்தர் வைக்கவோ தேவையில்லை. குத்தகைப் பணம் வந்து சேர்ந்துவிடும். களவாகச் சாராயம் விற்பவனைப் பிடித்துக் கொடுப்பதும் குத்தகைக்காரரின் வேலைதான், ஏனென்றால் நட்டம் அவருக்கு. 19ஆம் நூற்றாண்டில் சில ஆண்டுகளில் குடியேற்ற அரசாங்கத்தின் மொத்த வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தச் சாராயப் பணமாகவே இருந்தது. வீதி போட்டதும் பாலம் கட்டியதும் அந்தப் பணத்திலும்தான்.

கொழும்பிலும் மொறட்டுவையிலும் பெயர் பெற்ற பல செல்வக் குடும்பங்கள் தமது ஆரம்ப முதலைச் சாராயக் குத்தகையில் திரட்டியதை வரலாற்றாசிரியர் குமாரி ஜயவர்தன 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட தனது நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். அந்தப் பணம் பின்னர் கோப்பித் தோட்டமாக, தேயிலைத் தோட்டமாக, பாடசாலையாக, வைத்தியசாலையாக மாறியது. நன்மையும் நடந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த நன்மைக்கு விலை கொடுத்தவர் யார்? கூலி கிடைத்த நாளில் வீட்டுக்குப் போகாமல் தவறணைக்குப் போனவரின் பெண்சாதியும் பிள்ளைகளும்.

இந்த முறையில் ஓர் உள் நோய் இருந்தது. ஏலத்தில் பெருந்தொகை கட்டியவர் அதை எடுக்க வேண்டும் என்றால் கூட விற்க வேண்டும். கூட விற்க வேண்டும் என்றால் கூடக் குடிக்க வைக்க வேண்டும். குடியைக் குறைக்கத்தான் வரி என்று அரசாங்கம் சொல்லும். வரி கட்டுகிறவருக்கோ குடி கூடினால்தான் லாபம். பிரித்தானிய இந்தியாவில் மதுவரி அதிகாரிகள் 'குறைந்த நுகர்வு, கூடிய வருமானம்' என்பதே தமது கொள்கை என்று சொல்லிக்கொண்டார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டில் எது முதலில் கைவிடப்படும் என்று யோசித்துப் பாருங்கள்.

*1912இல் நடந்தது*

தேசாதிபதி ஹென்றி மக்கலம் காலத்தில், 1912இல், 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்தது. பழைய குத்தகை முறையை ஒழுங்குபடுத்துவதே நோக்கம் என்றார்கள். சாராயத் தவறணை வேறு, கள்ளுத் தவறணை வேறு என்று பிரித்தார்கள். அதன் விளைவாக நாடு முழுவதும் ஆயிரம் அளவில் கள்ளுத் தவறணைகள் புதிதாக வந்தன.

அதற்கு எதிராகத்தான் எப். ஆர். சேனாநாயக்க, டி. எஸ். சேனாநாயக்க, டி. பி. ஜயதிலக்க போன்றோர் மதுவொழிப்பு இயக்கத்தை ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். 1904ஆம் ஆண்டளவில் ஒருமுறை எழுந்து அடங்கிய இயக்கம் இரண்டாவது முறை இன்னும் பலமாக எழும்பியது. 1915 கலவரத்தின்போது இந்தத் தலைவர்கள் பலரை ஆங்கிலேயர் சிறையில் போட்டார்கள். அந்தக் கலவரம் நமது சமூகத்துக்கு வேறொரு காயம். கடைகளும் பள்ளிவாசல்களும் பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. ஆனால் அந்தக் காயத்துக்காக, தவறணைக்கு எதிராக அவர்கள் சொன்ன நியாயத்தையும் சேர்த்துத் தள்ளிவிடக் கூடாது. ஒரு அரசாங்கம் தன் குடிமக்களின் பலவீனத்தில் சீவிக்கக் கூடாது என்பதே அந்த நியாயம்.

அந்த 1912 சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆக, பின் வாங்குப் பிள்ளை கேட்டதில் பிழை இல்லை. 2024இல் முந்தைய ஆட்சி கொடுத்த முன்னூற்றுக்கும் மேற்பட்ட மதுபான அனுமதிப்பத்திரங்களின் பட்டியல் அந்த ஆண்டு டிசம்பரில் பாராளுமன்றத்தில் வெளிவந்ததை எல்லோரும் பார்த்தோம். ஏலம் போய் அனுமதிப்பத்திரம் வந்திருக்கிறது. கொடுக்கும் கை மாறியிருக்கிறது. பணத்தின் பாதை அதேதான்.

*அபின் கடை இருந்த இலங்கை*

இளைய தலைமுறைக்குத் தெரியாத இன்னொரு விஷயம். ஒரு காலத்தில் இந்த நாட்டில் அபின் கடையில் விற்றார்கள், சட்டப்படி. இந்தியாவிலிருந்து இறக்குமதியாகி, அனுமதி பெற்ற கடைகளில் விற்கப்பட்டது. 1867இல் வந்த கட்டளைச் சட்டம் அபினையும் கஞ்சாவையும் தடை செய்யவில்லை. விற்பனையை அனுமதி பெற்றவர்களுக்குள் அடக்கியது, அவ்வளவுதான்.

அந்த அபினின் மூலத்தைப் பாருங்கள். கிழக்கிந்தியக் கம்பனி பீகாரில் விவசாயிகளைக் கொண்டு அபின் பயிரிட்டு, கல்கத்தாவில் ஏலம் விட்டு, சீனாவுக்கு அனுப்பியது. சீன அரசு தடுத்தபோது 1839இலும் 1856இலும் இரண்டு போர்கள். பிரித்தானிய இந்தியாவின் மிகப் பெரிய வருமானங்களில் ஒன்றாக அபின் இருந்தது. அதை விட மனம் வரவில்லை. 1907இல்தான் ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்காகக் குறைப்பதென்று சீனாவோடு உடன்பட்டார்கள். வருமானம் என்பதும் ஒரு போதைதான். குடிப்பவனைப் போலவே திறைசேரியும் அதற்கு அடிமையாகும்.

நமது நாட்டில் 1910இல் ஒரு நல்ல வேலை நடந்தது. அந்த ஆண்டின் அபின் கட்டளைச் சட்டம் கடைகளை மூட வழி செய்தது. இறக்குமதியை அரசே எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே பழகிப்போனவர்களைச் சிறையில் போடவில்லை. அவர்களின் பெயரைப் பதிவு செய்து, அளவு குறித்து, அரச மருத்துவ ஏற்பாட்டின் மூலம் கொடுத்தார்கள். மருந்துக்கு அபின் பாவித்த நாட்டு வைத்தியர்களும் பதிவு செய்யப்பட்டார்கள். லாபத்துக்காகப் புதிய ஆளைப் பழக்குவதற்கு இனிக் கடை இல்லை. காலம் போகப் போக அந்தப் பெயர்ப் பட்டியல் சுருங்கியது. தாய்வானை ஆண்ட ஜப்பானியரும் ஏறக்குறைய இதே பாதையில் போனார்கள். ஆனால் அவர்கள் அதில் வருமானமும் பார்த்தார்கள்.

இந்த ஒரு விஷயத்தைத்தான் நாம் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்ல விரும்புகிறோம். வரி போட்டு விற்பது ஒரு வழி. கண்ணை மூடிக்கொள்வது ஒரு வழி. அடித்துச் சிறையில் போடுவது ஒரு வழி. இவை எதிலும் சேராத நாலாவது வழி ஒன்று நமது நாட்டிலேயே நடந்திருக்கிறது: லாபத்தை எடுத்துவிட்டு, நோயாளியைக் கவனித்துக்கொண்டு, கதவை மெதுவாக மூடுவது.

*நமது வரலாற்றிலும் இந்தச் சண்டை உண்டு*

இது வெள்ளைக்காரனின் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1511இல் மக்காவில் கோப்பிக்கே தடை போட்டார் அங்கிருந்த ஆளுநர். கெய்ரோவிலிருந்த சுல்தான் அதை நிலைக்க விடவில்லை. 1633இல் உஸ்மானியச் சுல்தான் நான்காம் முராத் புகையிலையையும் கோப்பிக் கடைகளையும் தடை செய்தார். புகைத்தவர்களுக்கு மரண தண்டனையும் நடந்தது. அவர் 1640இல் மௌத்தானார். புகை போகவில்லை. சில ஆண்டுகளில் ஷைகுல் இஸ்லாம் பஹாயீ எபெந்தி புகையிலை கூடும் என்று பத்வா கொடுத்தார். அதே நூற்றாண்டின் கடைசியில் அரசு அதற்கு வரி வாங்கத் தொடங்கிவிட்டது.

அந்தக் காலத்து அறிஞர் காதிப் செலெபி 1656இல் எழுதிய 'மீஸானுல் ஹக்' என்ற நூலில், தடையால் பயன் இல்லை, ஒவ்வோர் ஊரிலும் விற்பனையைக் குறித்த இடத்துக்குள் அடக்கி வரி வாங்குவதே மேல் என்று கருத்துச் சொன்னார். இன்று கனடாவிலும் உருகுவேயிலும் கஞ்சா பற்றிப் பேசுபவர்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான்.

மது விஷயத்தில் நமக்கு மார்க்கத்தின் தீர்ப்புத் தெளிவானது. அது ஹராம், பேச்சே இல்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு வந்த முறையைக் கவனியுங்கள். ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாக வந்தது. முதலில் வந்த வசனத்தின் கருத்து என்ன? மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்களும் உண்டு, ஆனால் பாவம் பயனை விடப் பெரியது என்பதுதான். பயன் இல்லை என்று அல்லாஹ் சொல்லவில்லை. வரி வருமானம் என்று இன்று சொல்வதும் அந்தப் 'பயன்' கணக்கில் வருகிறது. தராசின் மற்றத் தட்டையும் பார் என்பதுதான் பாடம்.

*"நமக்கென்ன" என்ற வாதம்*

மூன்றாவது பிள்ளையின் கேள்வி லேசானதல்ல. ஆங்கில அறிஞர் ஜோன் ஸ்டுவர்ட் மில் 1859இல் 'சுதந்திரம்' பற்றி எழுதிய நூலில், மற்றவருக்குத் தீங்கு செய்யாதவரை ஒருவரின் சொந்த விஷயத்தில் அரசு கை வைக்கக் கூடாது என்றார். மதுவைக் கிடைக்காமல் ஆக்குவதற்காகவே வரி போடுவது தடைக்குச் சமம் என்றும் சொன்னார். ஆனால் அரசுக்கு எப்படியும் வரி தேவை, ஆகவே அரிசி, பருப்பை விட மதுவுக்குப் போடுவது சரி என்று அதே நூலில் ஒத்துக்கொண்டார். அபின் சீனாவுக்குப் போவதைத் தடுப்பதும் வாங்குபவரின் சுதந்திரத்தைப் பறிப்பதுதான் என்று எழுதினார். அவர் பல பத்தாண்டுகள் சம்பளம் வாங்கியது எங்கே தெரியுமா? கிழக்கிந்தியக் கம்பனியில்.

சிரிக்க வேண்டாம். நாமும் கொஞ்சம் அந்த நிலைமைதான். மதுவரியும் சிகரட் வரியும் திறைசேரிக்குப் போகின்றன. அங்கே எல்லாம் ஒன்றாகிறது. ஆசிரியராகிய நமது சம்பளமும் நமது பிள்ளைகளின் இலவசப் பாடநூலும் அந்தப் பொதுப் பெட்டியிலிருந்துதான் வருகின்றன. 2022 நெருக்கடிக்குப் பிறகு, 2023 ஜனவரியில், மது, சிகரட் மீதான வரியை 20 சதவீதம் கூட்டினார்கள். நாட்டுக்குப் பணம் தேவைப்படும் போதெல்லாம் முதலில் கை வைப்பது அங்கேதான். நாம் குடிக்கவில்லை, நமக்குச் சம்பந்தமில்லை என்று சொல்லி ஒதுங்க முடியாது.

"அவனவன் விருப்பம்" என்பதை நாம் ஏன் முழுதாக ஏற்கவில்லை என்றால், விற்பவன் யாரையும் சும்மா விடுவதில்லை. 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் குறைந்தவருக்கு சிகரட்டோ மதுவோ விற்கக் கூடாது. அப்படியிருந்தும் வகுப்புப் பிள்ளையின் சட்டைப்பையில் சிகரட் எப்படி வந்தது? 16 வயதுப் பிள்ளை கையில் எடுத்தது அவருடைய சுதந்திரத் தெரிவு என்று மில் கூடச் சொல்லவில்லை. சிறுவர்களை அவர் விலக்கித்தான் எழுதினார்.

*கடும் தண்டனை என்ன செய்தது?*

மறு பக்கத்தையும் நேர்மையாகப் பார்ப்போம். 1984இல் சட்டம் திருத்தப்பட்டு 2 கிராம் ஹெரோயினுக்கே மரண தண்டனை விதிக்கலாம் என்றாக்கினார்கள். 2022இல் ஐஸையும் சேர்த்தார்கள், 5 கிராமுக்கு மேல். 1976க்குப் பிறகு நம் நாட்டில் யாரையும் தூக்கில் போடவில்லை, ஆனால் தீர்ப்புகள் வந்துகொண்டே இருக்கின்றன. 2023 டிசம்பரில் தொடங்கிய 'யுக்திய' நடவடிக்கையில் பல்லாயிரம் பேரைப் பிடித்தார்கள். ஐஸ் ஊரை விட்டுப் போனதா? நீங்களே சொல்லுங்கள்.

வரியும் அளவு மீறினால் வேறு கதவைத் திறக்கும். பீடி இலை இறக்குமதிக்கு வரி கூடிய பிறகு மன்னார், கற்பிட்டிக் கடலில் கடற்படை மூட்டை மூட்டையாகப் பீடி இலை பிடிக்கும் செய்தி வராத மாதம் குறைவு. சாராயம் விலை ஏறினால் கசிப்பு அடுப்பு எரியும். தடையிலும் கசிவு உண்டு, வரியிலும் கசிவு உண்டு.

நம்மிடம் படித்த ஒரு மாணவர். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். கெட்டிக்காரர், கணக்கில் நல்ல புள்ளி எடுப்பவர். சிறிய அளவு ஐஸோடு பிடிபட்டார். அவருடைய வாப்பா ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு நமது வீட்டுக்கு வந்தார். கடலுக்குப் போகும் மனிதர், கை முரடு. கதிரையில் உட்காரவே கூச்சப்பட்டார். "சேர், உள்ளுக்குப் போட்டா திருந்துவானா, இல்லாட்டி இன்னும் படிச்சிக்கிட்டு வருவானா?" என்று கேட்டார். நம்மிடம் பதில் இருக்கவில்லை. தேத்தண்ணியை மட்டும் கொடுத்தோம். சட்டம் அந்தப் பிள்ளையையும் விற்றவனையும் ஒரே வாசலால்தான் உள்ளே எடுக்கிறது. 1910இல் அபின் பழக்கக்காரருக்குக் கிடைத்த மரியாதை இன்று இந்தப் பிள்ளைக்கு இல்லை.

*ஆகவே நாம் என்ன சொல்கிறோம்?*

கஞ்சா ஏற்றுமதிப் பயிராக வேண்டும் என்ற பேச்சு 2023ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்திலேயே வந்தது. வெளிநாட்டு மருந்துத் தேவைக்கு மட்டும் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் டொலர் வரத் தொடங்கிய பின், உள்ளூரிலும் விற்றால் என்ன என்று திறைசேரி கேட்கும் நாள் தூரத்தில் இல்லை. அந்த நாளில் நமது சமூகம் வெறும் கூச்சலோடு நிற்காமல், வரலாறு தெரிந்து பேச வேண்டும். நமது கருத்து இதுதான்:

முதலாவது, மதுவுக்கும் சிகரட்டுக்கும் வரி இருக்கட்டும், கூடட்டும். விலை ஏறினால் இளம் பிள்ளைகள் வாங்குவது குறைகிறது என்பது உலகம் கண்ட உண்மை. ஆனால் அந்தப் பணத்தில் ஒரு பங்கு, கணக்குக் காட்டி, போதையிலிருந்து மீட்கும் சிகிச்சைக்கே போக வேண்டும். பெட்டியில் கலந்துவிட்டால் அரசுக்கு அந்த வருமானத்தின் மேல் ஆசை வந்துவிடும்.

இரண்டாவது, புதிய போதைக்குப் புதிய கடை வேண்டாம். இருக்கிற கடையை மூடுவது எவ்வளவு கஷ்டம் என்பதைக் குத்தகைக் காலத்திலிருந்து இன்றுவரை பார்க்கிறோம்.

மூன்றாவது, பாவிப்பவரை நோயாளியாகப் பாருங்கள், விற்பவரைக் குற்றவாளியாகப் பாருங்கள். இரண்டையும் பிரிக்காத சட்டம் விற்பவனுக்குத்தான் உதவும்.

நாலாவது, இது அரசாங்கத்துக்கு அல்ல, நமக்கு. பாடசாலை மதிலுக்குப் பக்கத்தில் சிகரட், மாவா விற்கும் கடை யாருடையது? நமது மச்சான், நமது காக்கா, நமது ஜமாஅத் ஆள். மெல்லும் புகையிலைக் கலவைகளை 2016இலேயே தடை செய்துவிட்டார்கள், அதுவும் பலருக்குத் தெரியாது. நாட்டில் பல ஊர்களில் கடைக்காரர்களே ஒன்றுகூடி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களோடு பேசி, சிகரட் விற்பதை நிறுத்தியிருக்கிறார்கள். எந்தச் சட்டமும் வற்புறுத்தவில்லை. ஐவேளையும் பாங்கு கேட்கும் நமது ஊரில் அது ஏன் முடியாது? நமது வீட்டு வெற்றிலை வட்டாவில் இருக்கும் புகையிலையையும் இந்தக் கேள்வியிலிருந்து விட்டுவிட வேண்டாம். பெரியவர்கள் கோபிக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் இதை அந்த மூன்று பிள்ளைகளுக்கும் சொல்வதாக இருக்கிறோம். நாம் சொன்னதில் பிழை இருந்தால் மூத்த ஆசிரியர்களும் உலமாக்களும் திருத்தித் தாருங்கள், ஏற்றுக்கொள்கிறோம். கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திட்டுவதென்றாலும் பரவாயில்லை, நமக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்புங்கள். சிகரட் விற்காமல் ஒரு மாதம் கடை நடத்திப் பார்க்க விரும்பும் நாலு பேர் கிடைத்தால், மற்றதை ஒன்றாக உட்கார்ந்து பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.